கயாம் விட்டுச்சென்ற கேள்வியும் கல்லூரி மூன்றாமாண்டும்

நம் சமுதாயத்தில் பட்டப்படிப்பை எட்டிய முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் கணிதத்தை விரும்பி எடுக்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்பில் வகையிடலும் தொகையிடலும் தண்ணீர்பட்ட பாடாக இருந்தவர்கள் அவர்கள். அவர்களே, பெரும்பாலும் இளங்கலை மூன்றாமாண்டில் வரும் மெய்ப் பகுப்பாய்வு என்னும் தாளைச் சந்திக்கும்போது திகைத்து நிற்பதை நாம் காண்கிறோம். ரியல் அனாலிசிஸ் என்று வீட்டில் அந்தப் பெயர் கேட்டிருக்கும். அதுவரை கணக்கைக் கொடுத்து விடையைக் கேட்ட பாடம், இப்போது விடையைக் கொடுத்துவிட்டு அது ஏன் உண்மை என்று கேட்கிறது. அந்த உண்மைகளோ மிக எளியவையாகத் தோன்றுகின்றன. அறுபடாத ஒரு வளைகோடு சுழியத்திற்குக் கீழிருந்து மேலே சென்றால், வழியில் எங்கோ சுழியத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பள்ளிச் சிறுவனும் தலையாட்டி ஏற்கும் இதற்கு ஒன்றரைப் பக்க நிரூபணமா என்று பிள்ளை சலித்துக்கொள்கிறது. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்த பெற்றோர், கணிதம் இதற்கு வராது போலும் என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

அந்த முடிவுக்கு வருமுன் இப்பாடத்தின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அதில் சில ஏடுகள் அரபு மொழியில் எழுதப்பட்டவை.

வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிளில் திருக்குர்ஆன் குறிப்பிடும் பங்குகளை நாம் அறிவோம்: பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. அல்குவாரிஸ்மீ தம் அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதியை இத்தகைய பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். இவை யாவும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்துப் பெறும் பின்னங்கள். சொத்தைப் பிரிக்க அவை போதும். ஆனால் ஒரு சதுரத்தை வரைந்து அதன் மூலைவிட்டத்தை அளக்கப் புகுந்தால் அவை போதமாட்டா. பக்கம் 1 எனில் மூலைவிட்டம் 2இன் வர்க்கமூலம். எந்தப் பின்னத்தை வர்க்கப்படுத்தினாலும் சரியாக 2 கிடைக்காது என்பதைக் கிரேக்கர்களே கண்டுகொண்டனர். அதனால் யூக்ளிட் தம் நூலில் எண்களை ஒரு வீட்டிலும், கோடு, பரப்பு போன்ற அளவுகளை மற்றொரு வீட்டிலும் குடிவைத்தார். அளவுகளுக்கிடையே விகிதம் உண்டு; அந்த விகிதம் எண் அன்று. ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் அல்ஹஜ்ஜாஜ் இப்னு யூஸுஃப் இப்னு மத்தர் அந்நூலை அரபியாக்கியபோது, இந்தச் சுவரும் சேர்ந்தே பக்தாதுக்கு வந்தது.

அல்ஜப்ர் அறிஞர்கள் அந்தச் சுவரை அதிகம் பொருட்படுத்தவில்லை. எகிப்தைச் சேர்ந்த அபூ காமில், வர்க்கமூலங்களை மற்ற எண்களைப் போலவே கூட்டினார், பெருக்கினார், சமன்பாட்டின் விடையாகவும் ஏற்றார். கணக்குச் சரியாக வந்தது. ஆனால் கணக்குச் சரியாக வருவது வேறு. எதை வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதை அறிவது வேறு. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியின் கருத்து நன்றாயிருக்கிறது என்பதற்காக அதை ஏற்றுவிடுவதில்லை. அறிவிப்பாளர் வரிசை எங்கே என்று கேட்கிறோம். அவ்வாறு கேட்கும் மனப்பாங்குடன் யூக்ளிடை வாசித்தவர் உமர் கயாம்.

ருபாயீ கவிதைகளால் மட்டுமே அவரை அறிந்திருப்பது நமக்கு ஒரு குறையே. 1048இல் நைசாப்பூரில் பிறந்த அவர், ஹிஜ்ரி 470, அதாவது கி.பி. 1077இல், யூக்ளிட் நூலின் சிக்கலான அடிப்படைகளுக்கு ஒரு விளக்கவுரை எழுதி முடித்தார். அதன் முதற்பகுதி இணைகோடுகளைப் பற்றியது. அடுத்த இரு பகுதிகள் விகிதங்களைப் பற்றியவை.

இரண்டு விகிதங்கள் சமம் என்று எப்போது சொல்லலாம்? யூக்ளிட் தந்த வரையறை பிழையற்றது. ஆனால் விகிதம் என்பதன் உட்பொருளை அது காட்டவில்லை என்று கயாம் கருதினார். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அல்மாஹானீ தொட்டுச் சென்ற வழியை அவர் எடுத்துக்கொண்டார். பெரிய அளவிலிருந்து சிறியதை எத்தனை முறை கழிக்கலாம் என்று எண்ணுக. மிஞ்சியதைச் சிறியதிலிருந்து எத்தனை முறை கழிக்கலாம் என்று எண்ணுக. இவ்வாறே தொடர்க. சதுரத்தின் மூலைவிட்டத்திலிருந்து பக்கத்தை ஒருமுறை கழிக்கலாம். மிஞ்சியதைப் பக்கத்திலிருந்து இருமுறை கழிக்கலாம். அதில் மிஞ்சியதை முந்தையதிலிருந்து மீண்டும் இருமுறை. அதன்பின் இரண்டு, இரண்டு, இரண்டு என்று அது முடிவின்றிச் செல்லும். 1, 2, 2, 2 என நீளும் அந்த வரிசையே அவ்விகிதத்தின் அடையாளம். வரிசைகள் ஒத்தால் விகிதங்கள் சமம். இந்த வரையறையும் யூக்ளிடின் வரையறையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்றும் அவர் நிறுவ முற்பட்டார்.

அதோடு நிற்கவில்லை. விகிதம் என்பது இயல்பிலேயே ஓர் எண்ணா, அல்லது எண் அதனோடு ஒட்டிவரும் ஒன்றா என்று கேட்டார். அது தத்துவ ஆய்வுக்குரியது, வடிவியல் அறிஞர் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் குறித்தார். ஆயினும் கணக்கிடுவதற்காக ஓர் அளவை எடுத்துக்கொண்டு, அதைக் கோடாகவோ பரப்பாகவோ எண்ணாமல், மனத்தால் பிரித்தெடுத்து எண்களின் இனத்தைச் சேர்ந்ததாகக் கொள்ளுமாறு சொன்னார். அதே மூச்சில், அது உண்மையான முழுமை பெற்ற எண் அன்று என்றும் எச்சரித்தார். சுவரின் மேல் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என அவர் நின்றார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த நஸீருத்தீன் தூஸீ, விகிதத்தை எண் என்றே அழைக்கலாம் என்ற அளவுக்குத் துணிந்தார்.

கயாமுக்கு முன்னர் வாழ்ந்த இப்னுல் ஹைஸமையும் இங்கே நினைக்க வேண்டும். ஒளியியலுக்காகப் புகழ்பெற்ற இந்த பஸ்றா அறிஞர், பரவளையத்தை அதன் அடிக்கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் திண்மம், அதைச் சூழும் உருளையில் 15இல் 8 பங்கு என்று நிறுவினார். அதை மெல்லிய வட்டுகளாக அரிந்து, உள்ளடங்கும் வட்டுகளின் கூட்டுத்தொகைக்கும் வெளியே சூழும் வட்டுகளின் கூட்டுத்தொகைக்கும் இடையிலான வேறுபாட்டை, கொடுக்கப்படும் எந்த அளவைவிடவும் சிறிதாக்கலாம் என்று காட்டினார். கல்லூரிப் பிள்ளை அஞ்சும் எப்சிலான் இதுவன்றி வேறென்ன? நீ எவ்வளவு சிறியதைக் கேட்டாலும் அதைவிடச் சிறிதாக்கித் தருகிறேன் என்பதே அதன் சாரம்.

இங்கே நாம் ஓர் எல்லையில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் நம்மவர்களே கண்டுபிடித்துவிட்டனர் என்ற பேச்சு நம் மேடைகளில் எளிதாக வருகிறது. கயாம் கேள்வியைக் கூர்மையாக்கினார். விடையை அவர் தரவில்லை. அதை மறைத்துப் புகழ்வது, எண்ணையும் எண் போன்றதையும் அத்துணை கவனமாக வேறுபடுத்திய அந்த மனிதருக்கே பொருந்தாத புகழ்ச்சி.

ஐரோப்பாவில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தைப் படைத்தபின், கணக்கிடும் ஆற்றல் வெள்ளமெனப் பெருகியது. அடித்தளம் அப்படியே கிடந்தது. 1734இல் பார்க்லி என்னும் கிறித்தவ மதகுரு அதைக் கடுமையாகக் கேலி செய்தார். நுண்கணித அறிஞர்களுக்கு அக்கேலி வலித்தது, ஆனால் கணக்குகள் நிற்கவில்லை. அடித்தளம் போடும் கட்டாயம் பெரும்பாலும் வகுப்பறையிலிருந்தே வந்தது. பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் கோஷி தம் பாடங்களை 1821இல் நூலாக வெளியிட்டார். எல்லை, தொடர்ச்சி, ஒருங்கல் ஆகியவற்றை முறையாக வரையறுத்த நூல் அது. அவருடைய மாணவர்களும் கல்லூரி நிர்வாகமும் பாடம் மிகக் கடினம், பயன்பாடு குறைவு என்று முறையிட்டனர். நம் வீட்டுப் பிள்ளையின் முறையீடு 200 ஆண்டுகள் பழையது!

அந்தக் கோஷியே சறுக்கிய இடமும் உண்டு. தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிச் செல்லும் தொடர் ஒருங்கினால், கிடைக்கும் சார்பும் தொடர்ச்சியானதே என்று அவர் எழுதினார். நார்வே நாட்டு இளைஞர் ஏபெல் 1826இல் இதற்கு விதிவிலக்கு உண்டெனச் சுட்டினார். சிக்கல் எங்கே? ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பது வேறு. எல்லாப் பூட்டுகளுக்கும் ஒரே சாவி உண்டு என்பது வேறு. இன்று தேர்வுத்தாளில் "ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு" என்பதைப் பிள்ளைகள் முன்பின்னாக மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பது இதே இடத்தில்தான்.

இனி 1858க்கு வருவோம். சூரிக் பாலிடெக்னிக்கில் ரிச்சர்ட் டெடெகிண்ட் என்னும் இளம் ஆசிரியர் முதன்முறையாக வகை நுண்கணிதம் கற்பிக்கப் புகுந்தார். ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஒரு வரம்பைத் தாண்டாத அளவு, ஏதோ ஓர் எல்லையை நெருங்கியே தீரும் என்று மாணவரிடம் சொல்ல வேண்டிய இடத்தில், கோட்டுப் படத்தைக் காட்டி நம்பச் சொல்வதைத் தவிர தமக்கு வழியில்லை என்று உணர்ந்தார். அது அவர் மனத்தை உறுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் விடை கிடைத்தது.

அந்த விடை இது. பின்னங்கள் அனைத்தையும் இரு குவியலாகப் பிரிப்போம். வர்க்கம் 2ஐ விட மிகும் நேர்ப்பின்னங்கள் வலப்பக்கம். மற்றவை யாவும் இடப்பக்கம். எந்தப் பின்னமும் விடுபடவில்லை. ஆனால் இடப்பக்கக் குவியலில் மிகப் பெரியது என்று ஒன்றில்லை. வலப்பக்கத்தில் மிகச் சிறியது என்றும் ஒன்றில்லை. நடுவே ஓர் இடைவெளி. அந்த வெட்டையே ஓர் எண்ணாகக் கொள்வோம் என்றார் டெடெகிண்ட். இவ்வாறு வெட்டுகளால் ஆன எண்களைக் கூட்டவும் பெருக்கவும் முடியும், அவற்றில் இனி இடைவெளியே இராது என்றும் காட்டினார்.

தொடக்கத்தில் கண்ட வளைகோட்டுக்கு இப்போது திரும்பலாம். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழிக்கும் சார்பை எடுத்துக்கொள்வோம். 1இல் அதன் மதிப்பு சுழியத்திற்குக் கீழே, 2இல் மேலே. பின்னங்கள் மட்டுமே உள்ள உலகில் அது சுழியத்தை எங்கும் தொடாமலே கடந்துவிடும். ஆகவே "தொட்டே ஆக வேண்டும்" என்பது பள்ளிச் சிறுவன் எண்ணியது போல் தானே விளங்கும் செய்தி அன்று. பிராக் நகரின் போல்சானோ 1817இலேயே இத்தேற்றத்திற்கு நிரூபணம் தேவை என்று கண்டு எழுதினார். எண்களின் வரையறை அப்போது இல்லாததால் அவர் நிரூபணத்தின் அடியில் ஒரு கல் குறைந்தது.

டெடெகிண்ட் தம் விடையைச் சிறு நூலாக வெளியிட்டது 1872இல், 14 ஆண்டுகள் கழித்து. லிப்ஷிட்ஸ் என்னும் அறிஞர் 1876இல் அவருக்கு எழுதிய மடலில், இதெல்லாம் யூக்ளிடிடமே உள்ளதுதானே என்றார். டெடெகிண்ட் அதை ஏற்கவில்லை. விகிதங்களை ஒப்பிடும் முறை யூக்ளிடிடம் உண்டு; ஒவ்வொரு வெட்டிலும் ஓர் எண் இருந்தே தீரும் என்ற உறுதி அவரிடம் எங்குமில்லை என்று மறுமொழி எழுதினார். கயாமின் வரிசைகளுக்கும் இதே மறுமொழி பொருந்தும்.

1077க்கும் 1872க்கும் இடையில் 795 ஆண்டுகள். இன்றைய பாடநூலில் அது ஒரே வரி: மேல்வரம்புடைய, வெற்றல்லாத ஒவ்வொரு மெய்யெண் கணத்திற்கும் மீச்சிறு மேல்வரம்பு உண்டு. ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதி அடுத்த தலைப்புக்குச் செல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த வரி புரியவில்லை என்று சொல்லும் மகளிடமோ மகனிடமோ பாடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல அவசரப்பட வேண்டாம். கணக்கைப் போட்டுப் பழகும் விதத்தில் இது வராது. ஒரு நிரூபணத்தை மூடிவைத்துவிட்டுத் தானே எழுதிப் பார்ப்பது, எந்த வரியில் எந்த உண்மை பயன்பட்டது என்று தேடுவது, ஒரு நிபந்தனையை நீக்கினால் தேற்றம் எங்கே உடைகிறது என்று சோதிப்பது என்று மெல்லத்தான் வரும். ஒரு பருவம் முழுதும் ஆகலாம்.

பிள்ளைக்கு வீட்டில் ஒரு கணக்குக் கொடுக்க விரும்பும் பெற்றோருக்கு டெடெகிண்டே ஒன்றை விட்டுச்சென்றுள்ளார். 2இன் வர்க்கமூலத்தையும் 3இன் வர்க்கமூலத்தையும் பெருக்கினால் 6இன் வர்க்கமூலம் வரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நொடியில் எழுதும் இந்தச் சமன்பாடு, தம் காலம்வரை முறையாக நிரூபிக்கப்படவே இல்லை என்று அவர் தம் நூலில் குறிப்பிட்டார். வெட்டுகளை வைத்து அதை நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும்.