கண்டிய நடனம்: தண்டியமவிலிருந்து வெஸ் முடிவரை

கண்டிய நடனம் என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டில், பழைய கண்டி இராச்சியத்தின் எல்லைக்குள் வளர்ந்த சிங்கள ஆடல் மரபு. சிங்களத்தில் இதை ‘உடரட்ட நடும’ என்பார்கள்; மலைநாட்டு ஆட்டம் என்று பொருள். தென்கரையின் தாழ்நாட்டு ஆட்டமும் இரத்தினபுரிப் பக்கத்துச் சப்பிரகமுவ ஆட்டமும் இதற்கு உடன்பிறப்புகள். சடங்கில் பிறந்து, கோயில் நிலத்தில் வயிறு வளர்த்த இந்த ஆட்டத்தை இப்போது பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு பொழுதுபோக்காகப் பயில்கிறார்கள்.

கம்பத்தை வைத்து உடலைப் பழக்கும் கலைகள் உலகில் பல. மராட்டியத்து மல்லர் கம்பம் நட்ட மரத்தில் ஏறிச் செய்வது. 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசத்தில் அதற்குக் குறிப்பு உண்டு, தமிழ்நாட்டில் விழுப்புரம் அதற்குப் பேர்போன ஊர். மேல்நாட்டுக் கம்ப நடனம் செங்குத்தான உலோகக் கம்பத்தைச் சுற்றியது. கேளிக்கை விடுதியை விட்டு உடற்பயிற்சிக் கூடத்துக்கு அது குடிபெயர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் அருச்சுனன் தபசுக் கூத்திலேயே அருச்சுனன் வேடமிட்டவர் உயரமான கம்பத்தில் ஏறித்தான் தவம் செய்ய வேண்டும். கண்டிய நடனத்துக்கும் ஒரு கம்பம் இருக்கிறது. அது நிற்பதில்லை, கிடக்கிறது.

அதன் பெயர் தண்டியம. கவையுள்ள இரண்டு கால்களை ஊன்றி, அவற்றின் மேல் குறுக்கே வைத்த ஒரு மரத்தடி, அவ்வளவுதான். நல்ல நேரம் பார்த்துக் குருவிடம் சேர்க்கப்பட்ட சிறுவன் முதலில் தொடுவது இந்தத் தடியை. கைகளை அகல நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை இருபுறமும் விரித்து மடித்து, முதுகு வளையாமல் தாழ வேண்டும். இந்த நிலைக்கு ‘மண்டிய’ என்று பெயர். பரதம் பயின்றவர் காதில் அது அரைமண்டி என்றே விழும். அந்த நிலையை விடாமல், குரு தாளம் தட்டத் தட்ட, பாதத்தைத் தூக்கித் தூக்கித் தரையில் வைக்க வேண்டும். கால்பயிற்சிக்குப் பா சரம்ப என்றும், உடல் முழுவதும் சேர்ந்து அசையும் அடுத்த கட்டத்துக்குக் கொட சரம்ப என்றும் பெயர். தடி இருக்கும்வரை கை கீழே தொங்காது, தோள் சரியாது, உடல் முன்னால் சாயாது. தடியை எடுத்துவிட்ட பிறகும் கைகள் அது அங்கேயே இருப்பதுபோல் நிற்கின்றனவா என்பதுதான் தேர்வு. மேல்நாட்டு பாலே மாணவர்கள் சுவரோரக் கம்பியைப் பிடித்துப் பழகுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஒன்றை மற்றது பார்த்துச் செய்ததில்லை.

இந்த ஆட்டத்தின் வேர் கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்கில் இருக்கிறது. கதை சிங்களரின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விசயனிடம் தொடங்குகிறது. தன்னை நம்பிய குவேனியைக் கைவிட்டு அவன் பாண்டி நாட்டு இளவரசியை மணந்தான். குவேனியின் சாபம் அவனுக்குப் பின் அரசாண்ட பண்டுவாசுதேவனைப் பிடித்து நோயாக வாட்டியது. அதைத் தீர்க்க உள்ளூரில் ஆளில்லாமல், கடல் கடந்து மலய அரசன் வரவழைக்கப்பட்டான். அவன் செய்த சாந்தியே கங்காரிய ஆயிற்று என்பது மரபு. ஊரில் நோய் வந்தாலும் விளைச்சல் பொய்த்தாலும் இதை எடுப்பார்கள். அந்தி சாய்ந்து தொடங்கினால் விடியும்வரை ஆட்டமும் பாட்டும், நடுநடுவே கேலியும் கிண்டலுமாக நடக்கும். செலவு கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இப்போது அபூர்வமாகவே காணக் கிடைக்கிறது.

அடுத்த அத்தியாயம் அரண்மனையில் நடக்கிறது, அதில் தமிழ் வாசகர் காதைத் தீட்டிக்கொள்ளலாம். குண்டசாலையில் தங்கி அரசாண்ட வீர நரேந்திரசிங்கன் (1707–1739) காலத்தில் ‘வன்னம்’ என்னும் ஆடற்பாடல்கள் உருப்பெற்றன என்பார்கள். அவனுக்குப் பிறகு 1739இல் அரியணை அவன் மனைவி வழியினரான மதுரை நாயக்கருக்குப் போயிற்று. 1815வரை அவர்களே ஆண்டார்கள். வன்னம் என்பது நம் வண்ணமேதான். மொத்தம் பதினெட்டு: யானையின் நடைக்குக் கஜகா, குதிரைக்குத் துரங்கா, மயிலுக்கு மயூரா, பருந்துக்கு உக்குஸா, பாம்புக்கு நையடி என்று பெரும்பாலும் ஒரு பிராணியின் அசைவை ஒட்டியவை. ஒவ்வொன்றும் ‘தானம’ என்ற சந்தச் சொற்கட்டோடு தொடங்கும். தனதன என்று சந்தம் குறித்துப் பாடும் நம் வண்ணப் பாவும் அப்படித்தான். பிறகு கவிதை, அதன் பின் சீருமாருவ, கடைசியில் அடவ்வ. சீர் மாறுவதும் அடவு பிடிப்பதும் தமிழ் ஆடலாசிரியருக்கு விளக்க வேண்டியவை அல்ல. கையில் பிடித்து ஆடும் சிறு பறைக்கு உடெக்கி என்று பெயர். உடுக்கை என்று திருத்திப் படித்துக்கொள்ளலாம். இன்னொரு ஆட்ட வகைக்கு நையாண்டி என்றே பெயர். காலில் அணிவது சிலம்பு, பெயரும் அதுவே. புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் தலதா மாளிகையின் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவள் நம் கண்ணகி, அவளுடைய புனிதச் சின்னமும் சிலம்புதான்.

இத்தனையும் கடன் வாங்கியது என்று யாரும் எக்காளமிட வேண்டியதில்லை. வாங்கிய சொல்லைக் கண்டிக்காரர்கள் தங்கள் உடலில் போட்டு உரப்படுத்தியிருக்கிறார்கள். பரதத்தில் முகம் பேசும், கண்டிய ஆட்டத்தில் முகம் ஏறக்குறைய அமைதியாக இருக்கும். பேச்செல்லாம் கைவீச்சிலும் துள்ளலிலும் சுழற்சியிலும்தான். கெட்ட பெரய என்னும் மத்தளமே ஆட்டக்காரனை ஓட்டுகிறது.

ஆடியவர்கள் யார்? கோயிலிலிருந்தும் அரசரிடமிருந்தும் நிலம் பெற்று, அதற்கு ஈடாக ஆடியும் கொட்டியும் ஊழியம் செய்த பெரவா சாதிக் குடும்பங்கள். நித்தவெல, அமுனுகம, தித்தபஜ்ஜல என்று அவர்களுடைய பரம்பரைகள் ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டன. ஆட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்ட ஊர், ஆடியவனைத் திண்ணையோடு நிறுத்தியது. இந்தக் கணக்கு தஞ்சாவூரிலும் நடந்ததுதான். 1830களில் பிரித்தானியர் அரச ஊழிய முறையை நீக்கினாலும் கோயில் நிலத்துக்குரிய ஊழியம் தொடர்ந்தது. பெரஹெரா என்னும் கோயில் ஊர்வலத்தில் ஆடுவது பல குடும்பங்களுக்கு இன்றும் அந்த வழியில் வந்த கடமை.

வெளியுலகம் இந்த ஆட்டத்தை எட்டிப் பார்த்தது 1875இல். வேல்ஸ் இளவரசர் வந்தபோது பருவம் தப்பியும் அவருக்காகப் பெரஹெரா ஒன்று நடத்திக் காட்டினார்கள். 1882இல் கண்டிக் கலைச் சங்கம் தோன்றியது. அதே பத்தாண்டில் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக், யானைகளோடும் கைவினைஞர்களோடும் சிங்கள ஆட்டக்காரர்களையும் ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார். விலங்குக் காட்சிக்காரர் ஒருவர் மனிதரைக் கொண்டுபோன விதம் இன்று படிக்கவே கூசுகிறது; மேடைக்காக ஆட்டத்தைச் சுருக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கிற்று என்றும் சொல்லலாம். ஆண்டாண்டு காலமாக வெஸ் ஆட்டம் பெரஹெராவின் உயிர்நாடி என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்: சடங்குக் களத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த வெஸ் அணி ஊர்வலத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

வெஸ் என்பது வேஷம். தலையில் வெள்ளித் தகடும் தொங்கல்களும் கொண்ட முடி, மார்பில் மணிவலை, தோளிலும் இடுப்பிலும் காதிலும் அணிகள். எல்லாம் சேர்ந்து அறுபத்து நான்கு என்பது வழக்கு. இந்த முடியை யாரும் எடுத்துச் சூடிவிட முடியாது. பயிற்சி முடிந்தவன் முதலில் முடியில்லாமல் மற்ற அணிகளோடு ஆடிக் காட்ட வேண்டும். பிறகு குறித்த நல்ல வேளையில் குரு அவன் தலையில் முடியைக் கட்டுவார். வெஸ் பந்தீம என்று பெயர். நம் அரங்கேற்றத்தில் பார்வையாளர்கள் சாட்சி. இங்கே தெய்வமே சாட்சி.

மரபுப்படி பெண்களுக்கு அந்த முடி இல்லை. கண்டிக்கு அருகே எம்பெக்க தேவாலயத்தில், கம்பளை அரசர் காலத்து மரத்தூண்களில் 514 செதுக்கல்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் மல்லர்களோடும் அன்னங்களோடும் ஆடும் பெண்களும் இருக்கிறார்கள். மரத்தில் ஆடியவள் மண்ணில் ஆட 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1930களிலும் 40களிலும் மிரியம் பீரிஸ், சந்திரலேகா போன்ற வசதியான வீட்டுப் பெண்கள் பரம்பரைக் குருமாரிடம் கற்று மேடையேறினார்கள். மிரியத்துக்குக் கற்பித்தவர் நித்தவெல குணயா. பொழுதுபோக்காக, விருப்பத்துக்காகக் கண்டிய நடனம் பயில்வது என்ற எண்ணமே அவர்களிடமிருந்து தொடங்குகிறது எனலாம்.

அதை நிலைநிறுத்தியவர்கள் சித்ரசேனவும் (1921–2005) அவர் மனைவி வஜிராவும். 1944இல் கொழும்பில் சித்ரசேன தொடங்கிய கலாயதனயவில் சாதி கேட்கப்படவில்லை. 1961இல் வந்த ‘கரதிய’ மீனவர் வாழ்வைச் சொன்ன நாட்டிய நாடகம். சடங்கு அசைவுகளைக் கடற்கரைக்கு இறக்கியது. பெண் உடலுக்கென்று தனிப் பாணியை வகுத்தவர் வஜிரா. இந்திய அரசு 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. இதே காலத்தில் பாடசாலைகளில் நடனம் பாடமாயிற்று. திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் அரசாங்கச் சம்பளத்தோடு ‘சேர்’ என்று அழைக்கப்பட்டார்கள். இந்தக் கலையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. சாதாரண தரப் பரீட்சையில் இன்று நடனம் இரண்டு பாடங்களாக இருக்கிறது: சுதேசம், பரதம். அதனால் ஒரே கண்டி நகரத்தில் சிங்களப் பிள்ளை மண்டியவும், தமிழ்ப் பிள்ளை அரைமண்டியும் வேறு வேறு கட்டடங்களில் உட்கார்ந்து பழகுகின்றன.

பயிற்சியில் அடிபடும் இடங்களை ஆட்டத்தின் அமைப்பே தீர்மானிக்கிறது. முதல் பலி முழங்கால். மண்டியவில் தொடை இடுப்பு மூட்டிலிருந்து விரிய வேண்டும். இடுப்பு இடங்கொடுக்காத பிள்ளை பாதத்தை மட்டும் வெளியே திருப்பிச் சமாளிக்கும். அப்போது பாதம் ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமும் பார்க்க, உடலின் பாரம் முழங்காலின் உட்புறத்தில் விழும். அடுத்தது கணுக்கால்: வேகச் சுழற்சியிலிருந்து மத்தளத்தின் கடைசி அடிக்கு நிலைகொள்ளும்போது பிசகும். துள்ளித் துள்ளிச் சிமெந்துத் தளத்தில் இறங்குவதால் முன்காலெலும்பு ஓரம் வலி எடுக்கும். பின்பக்கக் குட்டிக்கரணம் கைம்மணிக்கட்டையும் கழுத்தையும் கேட்கும். முடி கட்டியவர்களுக்கு வேறு தொல்லை: இறுக்கிக் கட்டாவிட்டால் சுழலும்போது நழுவும், இறுக்கினால் தலை பிளக்கும். பிசகினால் பழைய ஆட்டக்காரர்கள் தைலத்தோடு எலும்பு முறிவு வைத்தியரிடம் போவார்கள். இப்போது பிள்ளைகளைப் பெற்றோர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வீக்கம் வடியும்வரை ஓய்வு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தண்டியமவில் பல மாதம் நின்றவனுக்கு இவை குறைவு. இடுப்பும் தொடையும் முதலில் உரம் பெற்று, துள்ளல் பிறகு வருவதே காரணம்.

அந்தத் தடிதான் இப்போது இல்லை. பெரும்பாலான வகுப்புகளில் தண்டியம ஒரு பரீட்சைக் கேள்வியாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வரும் பிள்ளைக்கு, வருட முடிவில் பாடசாலை விழாவில் ஆட ஒரு வன்னம் வேண்டும். அதற்குள் மாதக்கணக்கில் தடியைப் பிடித்து நிற்கச் சொன்னால் அடுத்த வாரம் நீச்சலுக்குப் போய்விடும். ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை.

அரங்கம் என்று பார்த்தால் கண்டியில் இரண்டு. குளக்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலைதோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடப்பது ஒன்று. அதில் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை வந்துபோகும், கடைசியில் தீமிதி. தொழிலாக ஆடுபவருக்கு அது சோறு போடுகிறது, அதை இளக்காரமாகப் பேசுவது எளிது.

மற்றது எசல பெரஹெரா. ஐந்து இரவு கும்பல், ஐந்து இரவு ரந்தோலி. தலதா மாளிகையின் அணியைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலய அணிகள் வரும். ஆட்டக்காரர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிர் நின்று, ஆடியபடியே மெல்ல நகர்வார்கள். வெறுங்கால். கீழே தார் வீதி. பக்கத்தில் இரும்புக் கூண்டில் கொப்பரா எரியும் பந்தம் ஏந்தியவர்கள். காற்றடித்தால் அதன் பொறி வீதியில் உதிரும். மழை பெய்தால் தார் வழுக்கும். யானை நின்றால் ஊர்வலம் நிற்கும், ஆட்டம் மட்டும் நிற்கக் கூடாது. நின்ற இடத்திலேயே மண்டியவில் இருந்து காலைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பல மணி நேரம் இப்படிப் போகும். பதினைந்து நிமிட மேடை ஆட்டத்துக்குப் பழகிய கால், இந்த வீதியில் எதைத் தாங்கும் எதைத் தாங்காது என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிடும்.

பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், வகுப்பின் சுவரில் தொங்கும் விழாப் படங்களைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். சிமெந்தைவிடப் பலகை நல்லது, மண் இன்னும் நல்லது. முதல் மூன்று மாதம் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சரம்ப என்றால் சேர்த்துவிடுங்கள். மயூரா வன்னம் என்றால் இன்னொரு வகுப்பையும் விசாரித்துப் பாருங்கள்.