காட்ஸில்லாவிலிருந்து வெட்டி எறிந்தவை

காட்ஸில்லா என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, ரப்பர் உடை மாட்டிய ஒருத்தர் பொம்மைக் கட்டடங்களை மிதித்துக்கொண்டு போகிற காட்சிதான். ஆனால் 1954-இல் ஜப்பானில் 'கோஜிரா' என்ற பெயரில் வந்த முதல் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. அது ஒரு துக்கப் படம். ஏன் என்று புரிய, அந்த வருஷத்து மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும்.

மார்ச் 1. பசிபிக் கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய 1000 மடங்கு சக்தி. விஞ்ஞானிகள் போட்ட கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்'. என்ன ஒரு அதிர்ஷ்டம் பாருங்கள்! அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். விஷயம் வெளியே தெரிவதற்குள் அவர்கள் பிடித்த மீன் சந்தைக்குப் போய்விட்டது. நாடே மீனைத் தொடப் பயந்தது. செப்டம்பரில் படகின் வானொலி இயக்குபவர் இறந்துபோனார்.

நவம்பர் 3-ஆம் தேதி 'கோஜிரா' திரைக்கு வந்தது. முதல் காட்சியே கடலில் ஒரு கப்பல், கண்ணைப் பறிக்கும் ஒளி, தீ. தியேட்டரில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லியிருக்க வேண்டாம்.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவை நேரில் பார்த்தவர். 1952 வரை ஜப்பான் அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. அணுகுண்டைப் பற்றிப் பேசக் கடுமையான தணிக்கை. அதற்குப் பிறகு ஹிரோஷிமாவைப் பற்றி நேரடியான படங்களும் வந்தனதான். ஆனால் அந்த மாதிரிப் படத்துக்குப் போகாத கூட்டத்தையும் ஒரு ராட்சச மிருகம் இழுத்து வந்துவிடும், இல்லையா?

வந்தவர்கள் என்ன பார்த்தார்கள்? ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளம்பிய மிருகம். ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்ததே இதற்குத்தானா என்று சலித்துக்கொள்கிறாள். நாடாளுமன்றத்தில் உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று கைகலப்பு நடக்காத குறை. மருத்துவமனையில் ஒரு குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடித்துவிட்டு, விஞ்ஞானி தலையை மட்டும் அசைக்கிறார். கடைசியில் மிருகம் செத்த பிறகும் யாருக்கும் கொண்டாட மனசில்லை. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரும் என்கிறார் வயதான பேராசிரியர்.

1956-இல் இதே படத்தை அமெரிக்காவில் வேறு மாதிரி ஆக்கி வெளியிட்டார்கள். ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்து நிருபர் வேஷத்தில் புதுக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். நாகசாகிப் பேச்சைத் தூக்கிவிட்டார்கள். பேராசிரியரின் எச்சரிக்கையும் போயிற்று. அந்த இடத்தில், ஆபத்து நீங்கியது, உலகம் நிம்மதியாக வாழலாம் என்கிற தொனியில் ஒரு முடிவு. அமெரிக்கத் தியேட்டர்களில் மூலப் படம் பரவலாக ஓட 2004 வரை ஆனது.

இப்படிப்பட்ட படங்களில் அரசியலைத் தேடினால் 'நீங்களாக ஏதோ கற்பனை பண்றீங்க, அது வெறும் பொழுதுபோக்கு' என்பார்கள். அவர்களுக்கு என் பதில் அந்தக் கத்தரிக்கோல்தான். வெறும் மிருகப் படம் என்றால் ரயிலில் ஒரு பெண் பேசும் ஒற்றை வசனத்தை எதற்கு வெட்ட வேண்டும்?

இன்னொன்றும் இதில் தெரிகிறது. நேராகச் சொல்ல முடியாததை மிருகத்தின் மேல் ஏற்றிச் சொல்லலாம். கோடிக்கணக்கானவர்களிடம் போய்ச் சேரும். ஆனால் ஏற்றிய சுமையை வேறொருவர் வழியில் இறக்கிவிடவும் முடியும். அப்போது மிருகம் மட்டும்தான் ஊர் போய்ச் சேரும். நமக்கு நெடுங்காலம் வந்து சேர்ந்தது அதுதான்.