எழுத்தில்லாத புத்தகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



ஒக்டோபர் என்றால் வாசிப்பு மாதம். பாடசாலைகளில் புத்தகக் கண்காட்சி வைக்கிறோம். அந்த மேசையில் எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றை வைத்துப் பாருங்கள், பெற்றோரில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "சேர், இதுல வாசிக்க ஒண்டுமே இல்லியே, இது எதுக்கு?" கேட்பதில் பிழையில்லை. தரம் ஐந்து புலமைப்பரிசில் தலைக்கு மேல் தொங்கும்போது பிள்ளை எத்தனை சொல் வாசிக்கிறது என்பதைத்தானே வீட்டிலும் பார்க்கிறார்கள், பாடசாலையிலும் பார்க்கிறோம். அதனால் இந்தப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை இந்த முறை கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பதிவு நீளம். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு விடயம். எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுபிள்ளைகளுக்காகத்தான் இவை உண்டானவை என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் அறிந்த வடிவத்தில் இவை பெரியவர்களுக்காக, அதுவும் ஒரு பெரிய யுத்தத்தின் நடுவே பிறந்தன.

ஃப்ரான்ஸ் மசெரீல் 1889இல் பெல்ஜியத்தின் கடற்கரை ஊரொன்றில் பிறந்த ஓவியர். முதலாம் உலக யுத்தத்தை எதிர்த்தவர். அந்த ஆண்டுகளை ஜெனீவாவில் கழித்தார், அங்கே ஒரு நாளிதழுக்குத் தினமும் யுத்த எதிர்ப்புப் படம் வரைந்து கொடுத்தார். 1918இல் 25 படங்கள் மட்டும் கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். ஓர் ஏழைத் தொழிலாளி பிறப்பது முதல், உரிமைக்காக எழுந்து நின்று மரண தண்டனை பெறுவது வரைக்குமான கதை. உள்ளே ஒரு சொல் கிடையாது. அடுத்த வருடம் இன்னொன்று வந்தது, அதில் 167 படங்கள்.

இவை மரச்செதுக்குப் படங்கள். பலகையில் கத்தியால் செதுக்கி எடுத்த இடம் வெள்ளையாகும், மேடாக நிற்கும் இடம் மையை வாங்கிக் கறுப்பாகும். சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லை. அழிறப்பரும் இல்லை, கத்தி வழுக்கினால் வழுக்கியதுதான். ஆனால் அச்சடிக்க மலிவு. மசெரீலின் புத்தகங்கள் ஜெனீவாவிலிருந்து ஜேர்மனிக்குப் போய் அங்கும் அச்சாகின. நான்கு வருடம் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரரும் ஜேர்மன்காரரும் மொழிபெயர்ப்பு ஒன்றும் இல்லாமல் அதே புத்தகத்தை அதே படங்களோடு வாசித்தார்கள் என்பதை ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். ஜேர்மன் பதிப்புக்குப் புகழ்பெற்ற நாவலாசிரியர் தோமஸ் மான் முன்னுரை எழுதினார். சொல்லே இல்லாத புத்தகத்துக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லால் ஒரு முன்னுரை! பெரியவர்களால் சும்மா இருக்க முடியாது போலும்.

அங்கிருந்து இது அமெரிக்கா போனது. லிண்ட் வோர்ட் என்ற இளைஞர் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் அச்சுக்கலை படிக்கும்போது மசெரீலின் நூலொன்றைக் கண்டார். ஊர் திரும்பி, 139 மரச்செதுக்குப் படங்களோடு தன் முதல் சொற்களற்ற நாவலை 1929 ஒக்டோபரில் வெளியிட்டார். சரியாக அந்தக் கிழமைதான் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்தது. புத்தகம் விழவில்லை. நான்கு வருடத்தில் 20,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து வாசித்தால் ‘வரை’ என்ற பொருள் தரும் சொல் வருகிறது என்று முதலாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து, அன்றே ஓவியனாக முடிவெடுத்ததாகச் சொல்வார்கள். எழுத்துக் கற்பிக்கும் எங்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி சந்தோஷம். வோர்ட் பிற்காலத்தில், 1973இல், சிறுவர்களுக்காகவே ‘வெள்ளிக் குதிரைக்குட்டி’ என்ற சொற்களற்ற நாவலைச் செய்தார். இன்று ‘கிராபிக் நாவல்’ என்ற பெயரைப் பரவலாக்கிய வில் ஐஸ்னர், தனக்கு வழிகாட்டியவர்களில் ஒருவராக வோர்ட்டைச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஏரிக் ஓசர், ஜேர்மனியர், 1903இல் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே ஹிட்லரையும் கோயபல்ஸையும் கேலிச்சித்திரமாக வரைந்தவர். 1933க்குப் பிறகு அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. பத்திரிகைகளில் வரைவதற்கான அனுமதி மறுக்கப்பட்டது. கையில் தொழில் இல்லை, வீட்டில் சின்ன மகன். கடைசியில், அரசியல் தொடாமல், சொந்தப் பெயரும் போடாமல் வரைந்தால் சரி என்று ஒரு வழி திறந்தது. தான் வளர்ந்த ஊரின் பெயரைச் சேர்த்து ‘இ. ஓ. பிளவன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1934 டிசம்பரிலிருந்து மூன்று வருடம் பெர்லின் வார இதழொன்றில் வந்ததுதான் ‘தகப்பனும் மகனும்’ தொடர். வழுக்கைத் தலையும் பெரிய மீசையுமாக ஒரு தகப்பன், தலைமுடி குத்திட்டு நிற்கும் ஒரு பொடியன். தலைப்பைத் தவிரப் பெரும்பாலும் சொல் இல்லை. மகன் குழப்படி செய்வான், தகப்பன் அடிக்க ஓடுவார், கடைசிப் படத்தில் மகனை விடத் தகப்பன்தான் பெரிய சிறுபிள்ளையாக இருப்பார்.

வீதியெல்லாம் அணிவகுப்பும் ஒலிபெருக்கியுமாக இருந்த ஒரு நாட்டில், மகனுக்கு எதையும் கட்டளையிடாத ஒரு தகப்பன் வாராவாரம் வந்து போனார். மக்கள் ஏன் அப்படி விரும்பினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா தெரியவில்லை. கடைசிப் பகுதியில் இருவரும் கைகோர்த்து நடந்து நடந்து வானத்தில் ஏறிவிடுகிறார்கள். தகப்பன் மீசை வைத்த நிலவாகிறார், மகன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

ஓசரின் சொந்த முடிவு அப்படி அமையவில்லை. 1940 முதல் நாஜிகளின் வார இதழுக்கும் அவர் வரைந்தார், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் உள்ளே இருந்தது மாறவில்லை. காது மந்தமானவர், அதனால் உரத்துப் பேசுவார். குண்டுவீச்சுக் காலத்தில் நண்பரோடு ஆட்சியைக் கிண்டலடித்துப் பேசியதை அயலவர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். 1944 மார்ச்சில் கைது. ஏப்ரலில், விசாரணைக்கு முந்திய இரவு, சிறைக்கூடத்திலேயே தன் உயிரை முடித்துக்கொண்டார். நண்பருக்கு மரண தண்டனை. சொல்லில்லாமல் வரைந்தபோது தப்பித்த மனிதர் கடைசியில் வாயால் சொன்ன சொல்லில் அகப்பட்டார்.

அவருடைய அந்தப் படங்கள் இன்றும் பல நாடுகளில் மொழி வகுப்புகளில் இருக்கின்றன. ஆறு படத்தைக் கொடுத்துவிட்டு "இந்தக் கதையை எழுதுங்கள்" என்றால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி எழுதும். எழுத்தில்லாத புத்தகம் எழுத்தைக் கெடுக்கும் என்று பயப்படுபவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது இதைத்தான்.

சிறுவர்களுக்கான எழுத்தில்லாப் புத்தகங்கள் இதற்கிடையில் ஆங்காங்கே தலைகாட்டின. அமெரிக்காவில் ரூத் கரோல் ஒரு நாய்க்குட்டியின் கதையை 1932இலேயே அப்படிச் செய்தார். பெருகியது 1960களின் பிற்பகுதியில்தான். வர்ண அச்சு மலிந்தது. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் 1964 முதல் சிறுவர் நூல் சந்தை கூடத் தொடங்கியது. சொல் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை, ஒரே அச்சை ஐந்து நாட்டில் விற்கலாம். எல்லா நல்ல காரியத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு கணக்கு வழக்கும் இருக்கும். ஜப்பானில் மிட்சுமாசா அன்னோ, எங்களைப் போலவே ஆரம்பப் பாடசாலையில் சுமார் பத்து வருடம் படிப்பித்தவர், 1968இல் தன் முதல் புத்தகத்தைச் சொல்லில்லாமல் செய்தார். 1977இல் வந்த அவருடைய பயண நூலில் குதிரையில் ஒரு மனிதர் ஐரோப்பாவின் ஊர்களூடாகப் போய்க்கொண்டே இருப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், தேடும்போது கல்யாண வீடும் சந்தையும் அறுவடையும் கண்ணில் படும்.

பிறகு 1978, இங்கிலாந்து, ரேமண்ட் பிரிக்ஸின் ‘பனி மனிதன்’. அதற்கு முந்திய வருடம் அவர் செய்த புத்தகம் முழுக்கச் சேறும் சகதியும் சொற்குவியலுமாக இருந்தது. அது அலுத்துப்போய், சுத்தமாக, அமைதியாக, சொல்லே இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தார். பையன் ஒருவன் பனியால் ஒரு மனிதனைச் செய்கிறான், இரவில் அது உயிர் பெறுகிறது, இருவரும் பறக்கிறார்கள், காலையில் எழுந்து ஓடிப் பார்த்தால் உருகிப்போயிருக்கிறது. அவ்வளவுதான். அதற்குச் சில வருடங்களுக்கு முன்தான் பிரிக்ஸ் தாய், தகப்பன், மனைவி மூவரையும் இழந்திருந்தார். இது மரணத்தைப் பற்றிய புத்தகம் என்று அவரே பின்னாளில் சொன்னார். எங்கள் பிள்ளைகள் பனியைக் கண்டதில்லை. ஆனால் ஐஸ்பழம் உருகுவதைக் காணாத பிள்ளை யார்? இழப்பைக் காணாத பிள்ளைகளும் எங்கள் கரையோர ஊர்களில் குறைவு.

இந்தப் புத்தகம் இன்னொரு பெரிய புத்தகத்துக்கு வழி திறந்தது. அவுஸ்திரேலியாவின் ஷோன் டான் 2006இல் வெளியிட்ட ‘வருகை’. அவருடைய தகப்பன் மலேசியாவிலிருந்து படிக்கப் போய் மேற்கு அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். டான் வேலையைத் தொடங்கியபோது வேறு வடிவத்தில்தான் யோசித்திருந்தார், இடையில் பிரிக்ஸின் புத்தகம் கண்ணில் பட்டது. நான்கு வருட உழைப்பு, 128 பக்கம், பழைய புகைப்படம் மாதிரிக் கருமையும் மண்ணிறமும். உள்ளட்டையில் நியூயோர்க் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளின் பழைய படங்களை நினைவூட்டும் 60 முகங்கள்.

முதல் பக்கத்தைப் பாருங்கள். ஒன்பது சிறு படங்கள். கடதாசிக் குருவி, மணிக்கூடு, தொப்பி, வெடித்த தேநீர்ப் பாத்திரம், பிள்ளை வரைந்த சித்திரம், குடும்பப் படம்... அடுத்தடுத்து இரண்டு கைகள் அந்தக் குடும்பப் படத்தைச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கின்றன. ஒரு தகப்பன் மனைவியையும் மகளையும் விட்டுத் தூர தேசத்துக்கு வேலைக்குப் போகிறார். இறங்கிய இடத்தில் வைத்திய சோதனை, உடுப்பில் ஒட்டும் துண்டுகள், கேட்ட கேள்விக்குக் கைவிரித்து நிற்கும் முகம். வீதிப் பலகைகளில் இருப்பது உலகத்தில் எங்குமில்லாத எழுத்து. டான் எழுத்துகளையும் இலக்கங்களையும் வெட்டி, துண்டுகளை மாற்றிப் பொருத்தி அதை உண்டாக்கினார். ஆகவே எவ்வளவு படித்தவரானாலும் அந்த நகரத்தில் எழுத்தறிவில்லாதவர்தான். அந்த மனிதருக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. எழுத்துத் தெரியாததால் எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுகிறார்.

இந்த இடத்தில் எங்களில் எத்தனை வீடுகளுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும்? 1970களின் பிற்பகுதியிலிருந்து எங்கள் ஊர்களிலிருந்து வாப்பாமாரும் உம்மாமாரும் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அங்கே முதல் மாதம் எப்படி இருந்தது என்று யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. போனில் "நல்லா இருக்கன் மகன், நீங்க படிங்க" என்பதோடு சரி. சொல்ல வெட்கம், சொன்னால் பிள்ளை அழும் என்ற பயம். தரம் நான்கு, ஐந்தில் இருக்கும் பிள்ளை அந்தச் சுவரொட்டிப் பக்கத்தைப் பார்த்து முதலில் சிரிக்கும், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் இருக்கும். நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை. டானின் கதையில் கடைசியில் மனைவியும் மகளும் வந்து சேர்கிறார்கள், மகள் இன்னொரு புதியவருக்கு வழி காட்டுகிறாள். எங்கள் வீட்டுக் கதைகளில் அந்த அத்தியாயம் பெரும்பாலும் இருப்பதில்லை. வளைகுடா விசா அப்படி. அதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

இந்தப் புத்தகங்களை வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளோடு வாசித்துப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. கிளாஸ்கோ, பார்சிலோனா போன்ற நகரங்களில், புது மொழியில் தடுமாறிய பிள்ளைகளுக்கும் ‘வருகை’யைப் பற்றிப் பேச நிறைய இருந்தது.

2012இல் சர்வதேச சிறுவர் நூல் அமைப்பான இப்பி இன்னும் ஒரு படி போனது. இத்தாலிக்குச் சொந்தமான லம்பெடுசா என்ற சின்னத் தீவு சிசிலியை விடத் துனீசியாவுக்கு அருகில் இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் படகேறியவர்கள் வந்து சேரும் இடம் அது. அப்போது தீவில் நூலகம் இருக்கவில்லை. அங்கே நூலகம் அமைக்க முனைந்தபோது, எந்த மொழியில் புத்தகம் வைப்பது? அரபா, பிரெஞ்சா, திக்ரிஞாவா, இத்தாலியனா? மொழியில்லாப் புத்தகங்களை வைப்பது என்று முடிவாயிற்று. பல நாட்டுக் கிளைகள் தங்கள் நாட்டின் சொற்களற்ற நூல்களை அனுப்பின. ஒரு தொகுதி ரோமில், ஒரு தொகுதி லம்பெடுசாவில். அடுத்த வருடமே, 2013 ஒக்டோபர் 3ஆம் திகதி, தீவுக்கு அருகே படகு கவிழ்ந்து 360க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரை சேர்ந்த பிள்ளைகளும் தீவின் சொந்தப் பிள்ளைகளும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு இருக்க முடியும் என்பதுதான் அந்த நூலகத்தின் எண்ணம்.

சரி, வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கத்தை அவசரமாகத் திருப்ப வேண்டாம். "இது என்ன நிறம், இது என்ன மிருகம்" என்று பரீட்சை வைக்க வேண்டாம். பிள்ளை சொல்லும் கதை உங்களுக்குப் பிழையாகப் பட்டாலும் திருத்த வேண்டாம், அதே புத்தகத்தை நாளை வேறு மாதிரிச் சொல்லும். முக்கியமாக உம்மம்மாவிடம் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகக் கிடைக்காத உம்மம்மாமார் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் கொப்பியைத் தூர வைத்துப் பார்ப்பவர்கள் இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

கடைகளில் இவை இலேசில் கிடைப்பதில்லை, விலையும் கூட. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் விடுமுறைக்கு வரும்போது சொக்லேட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாருங்கள். ஆங்கிலப் பதிப்பா, அரபுப் பதிப்பா, கொரியாவில் அச்சானதா என்று பார்க்க வேண்டியதில்லை. அட்டையில் உள்ள பெயரைத் தவிர எல்லாம் ஒன்றுதான்.