சீட்டில் முகம் பதிந்த ஆட்டக்காரர்

1993 ஆகஸ்டில் அமெரிக்காவின் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் சீட்டாட்டத்தை வெளியிட்டது. அதை ஆக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நாமறிந்த சீட்டாட்டங்களில் ஐம்பத்திரண்டு சீட்டுகளும் எல்லோருக்கும் பொது. இதிலோ ஒவ்வொருவரும் தமக்கான கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வரவேண்டும். சீட்டுகள் மூடிய உறைகளில் விற்கப்படும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்த பின்னரே தெரியும். வேண்டாததைக் கொடுத்து வேண்டியதைப் பிறரிடம் மாற்றிக்கொள்ளலாம். இன்று 20,000-க்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் உள்ளன. அவற்றுள் அறுபதைத் தேர்ந்து கட்டாக்குவதே ஒரு கலை. அதன் பிறகே எதிராளியின் முன் அமர்வது.

1996 பிப்ரவரியில் அந்நிறுவனம் நியூயார்க்கில் ‘புரோ டூர்’ என்னும் பரிசுப் போட்டியைத் தொடங்கியது. சீட்டுகளை விற்பவரே பரிசையும் அளித்தார். அப்பரிசை நம்பி ஆடுவோர் என்றொரு வகுப்பாரும் அன்று தோன்றினர். டென்னிஸ் வீரருக்குப் படியளப்போர் பலர் உண்டு. இங்கே படியளந்த கை ஒன்றே. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

அந்த முதற்போட்டியின் இளையோர் பிரிவில் ஆடியவர்களுள் ஒருவர் ஜான் ஃபிங்கல். 1978-இல் பிறந்தவர். இரண்டே ஆண்டுகளில், 1998-இல், அதே நியூயார்க்கில் புரோ டூர் வென்றார். அப்பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டமும் அவரையே சேர்ந்தது. 2000-இல் பிரஸ்ஸல்ஸில் உலகப் போட்டி. இறுதியாட்டத்தில் அவரை எதிர்கொண்டவர் பாப் மேஹர் என்னும் மற்றோர் அமெரிக்கர். இருவர் கையிலும் ஏறத்தாழ ஒரே கட்டு. ஆடியில் தெரியும் தம்முருவோடு பொருதுவது போன்ற ஆட்டம் அது. ஃபிங்கல் வென்று உலக வாகையர் ஆனார்.

இங்கே ஒரு சிறு விலகல். திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடுமிடத்தைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் ‘கழகம்’. அதே சொல்லைத்தான் நாம் பின்னர் பல்கலைக்கழகத்திலும் வைத்துக்கொண்டோம். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். கல்விக்கும் கவற்றுக்கும் பொதுவான அச்சொல், கணித முனைவர் ஒருவர் ஆக்கிய இவ்வாட்டத்துக்கு நன்கு பொருந்துவதாகவே நமக்குப் படுகிறது. கலைத்துப் போட்ட கட்டிலிருந்து எந்தச் சீட்டு வரும் என்பது எவர் கையிலும் இல்லை. ஆகவே மிகத் தேர்ந்தவரும் அடிக்கடி தோற்பார். நேற்று விதி பயின்ற சிறுவனிடமும் தோற்கக்கூடும். தேர்ச்சி என்பது நூறு ஆட்டங்களில் மெல்லத் தெரியவருவது. ஓர் ஆட்டத்தில் தெரியாது. வாடகை கொடுக்க வேண்டியவனுக்கு இது கொடிய கணக்கு.

பெருவீரர் சிலருக்குப் பணத்தினும் அரிய ஒன்று கிடைத்தது. அழைப்புப் போட்டியில் வென்றவர் அந்நாளில் தாமே ஒரு சீட்டை வகுக்க முடிந்தது; அதில் அவர் முகமும் வரையப்பட்டது. ஃபிங்கலின் முகம் தாங்கிய ‘ஷேடோமேஜ் இன்ஃபில்ட்ரேட்டர்’ 2001-இல் வெளிவந்தது. எதிராளியின் காவலை நழுவிச் சென்று தாக்கி, ஒவ்வொரு தாக்குதலுக்கும் தன் தலைவனுக்கு ஒரு சீட்டைக் கூடுதலாகக் கொணரும் உருவம் அது. உறையைப் பிரிக்கும் யாரோ ஒரு சிறுவன் கையில் அந்த முகம் அகப்படும். நடுகல்லில் வீரனைப் பொறித்தது போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நடுகல்லை எவரும் விலைக்கு விற்றதில்லை.

ஃபிங்கலோ அந்தப் புகழை நம்பி அங்கேயே நிற்கவில்லை. போக்கரும் பிளாக்ஜாக்கும் ஆடிப் பொருளீட்டினார். பின்னர் நியூயார்க்கில் முதலீட்டு நிதித் துறையில் நிலைகொண்டார். 2005-இல் ‘புகழ் மன்றம்’ நிறுவப்பட்டபோது முதல் ஐவருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்றத்தாருக்குப் புரோ டூரில் தகுதிச் சுற்றின்றி ஆடும் உரிமை அப்போது இருந்தது. அவ்வுரிமையைக் கொண்டு 2008-இல் கோலாலம்பூருக்குச் சென்றார். கட்டை வீட்டிலிருந்து கொண்டுவர முடியாத போட்டி அது. எண்மர் மேசையைச் சுற்றி அமர்ந்து, உறைகளைப் பிரித்து, ஆளுக்கொரு சீட்டாக எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளி, கிடைத்ததைக் கொண்டு அங்கேயே கட்டமைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் முழுநேரம் ஆடாதிருந்தவர், இறுதியில் இத்தாலியின் மரியோ பாஸ்கோலியை வீழ்த்தி வென்றார். நம் கருத்தில், இவ்வாட்டத்தில் தேர்ச்சி என்று ஒன்று உண்டு என்பதற்கு பிரஸ்ஸல்ஸைவிட வலிய சான்று இதுவே.

இதில் ஒரு முரண் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களுள் தலையாயவராகப் போற்றப்படுபவர், இவ்வாட்டத்தைத் தம் முழுநேரப் பிழைப்பாக வைத்துக்கொள்ளாதவர். வைத்துக்கொண்டோர் நிலை 2016 ஏப்ரலில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மாட்ரிட் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ‘பிளாட்டினம்’ என்னும் உயர்நிலை எய்தியோருக்கு ஒவ்வொரு புரோ டூருக்கும் வந்தாடுவதற்கென அளிக்கப்பட்ட 3,000 டாலர், அடுத்த பருவம் முதல் 250 டாலராகக் குறையும் என்றது அது. அந்த நிலையை எட்டுவதற்காக ஆண்டு முழுவதும் நாடு நாடாகச் சென்று புள்ளி சேர்த்தவர்களின் உழைப்பு ஒரே வரியில் கரைந்தது. ஃபிங்கல் அப்போட்டியில் இறுதி எண்மருள் ஒருவராக இருந்தார்; அவருக்கு வேறு வருவாய் உண்டு. அது இல்லாதோர் கொதித்தனர். எதிர்ப்பு வலுக்க, சில நாள்களில் அடுத்த பருவத்துக்கான அக்குறைப்பை நிறுவனம் திரும்பப் பெற்றது.

நிறுவனம் இரங்கியது என்று அன்று மகிழ்ந்தோர் பலர். படியளக்கும் கை நினைத்தால் மூடும், நினைத்தால் விரியும் என்பதையே அது காட்டிற்று என்று நாம் கொள்கிறோம். 2019-இல் 32 பேரைத் தேர்ந்து, ஆளுக்கு 75,000 டாலர் ஒப்பந்தத்துடன் தொழில்முறைக் குழாம் ஒன்று அமைக்கப்பட்டது. முதன்முறையாக, தோற்றாலும் சம்பளம். 2021 மே மாதத்தில், அடுத்த பருவத்தோடு அக்குழாம் கலைக்கப்படும் என அறிவிப்பு வந்தது. சீட்டு விற்பனை சரிந்ததால் நேர்ந்ததன்று அது. ஆட்டம் செழித்தே இருந்தது. ஆட்டக்காரரைத் தாங்குவது வீண்செலவு எனக் கருதப்பட்டது போலும்.

2023 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் புரோ டூர் மீண்டும் தொடங்கிற்று. வென்றவர் ரீட் டியூக். முன்பு அந்த 32 பேர் குழாத்தில் ஒப்பந்தம் பெற்றிருந்தவர் அவர். இம்முறை ஒப்பந்தம் இல்லை, பரிசு மட்டுமே.