தேசப்படத்தில் இல்லாத ஊர்

சொந்த ஊர்ப் பாசம் ஒரு விசித்திரமான வஸ்து. ஊரிலேயே இருக்கிறவரையில் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது. குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை நாறுகிறது, அண்டை வீட்டுக்காரன் வேலியை நகர்த்துகிறான் என்று குறை சொல்லிக்கொண்டே நாளைத் தள்ளுவோம். ரயிலேறி நூறு மைல் போய்விட்டால் போதும். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு ஈடு உண்டா என்று ஆரம்பித்துவிடுவோம்.

இந்தப் பாசத்துக்குப் பிடித்துக்கொள்ள ஓர் உருவம் வேண்டியிருக்கிறது. நமக்கெல்லாம் கோயில் தேர் அந்த உருவம். மேல்நாட்டு நகரங்களில் கால்பந்துக் கோஷ்டிக்கு அந்த ஸ்தானம். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஆலை நகரத்தில் பிறந்தவன், உலகத்தின் எந்த மூலையில் பிழைக்கப் போனாலும், சனிக்கிழமை ராத்திரி தன் ஊர்க் கோஷ்டி ஜெயித்ததா என்று விசாரிக்காமல் படுக்கமாட்டான். ஊர் இருக்கிறது, அதனால் கோஷ்டிக்கு அபிமானிகள் இருக்கிறார்கள். இது எல்லாருக்கும் புரிகிற நியாயம்.

நான் சொல்ல வந்தது இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட கதை. ஊர் போய்விட்டது. கோஷ்டி மட்டும் நின்றது. கோஷ்டி நின்றதால் ஊரும் நின்றது.

கல்கத்தாவில் ‘ஈஸ்ட் பெங்கால்’ என்று ஒரு கால்பந்துக் கிளப் உண்டு. கிழக்கு வங்காளம் என்பது அதன் பெயர். இருப்பதோ மேற்கு வங்காளத்தில். 1920-ஆம் வருஷம் ஜூலை 28-ந் தேதி கூச் பிஹார் கோப்பைப் பந்தயம் ஒன்றில் ஜோராபாகான் என்ற கிளப்பும் மோகன்பகான் கிளப்பும் மோத இருந்தன. ஜோராபாகான் கோஷ்டியில் சைலேஷ் போஸ் என்ற நல்ல ஆட்டக்காரரைக் கடைசி நேரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் கிளப்பின் உபதலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி ஏன் என்று கேட்டார். சரியான பதில் கிடைக்கவில்லை. போஸ் கிழக்கத்திக்காரர் என்பதுதான் காரணம் என்று அவருக்குப் பட்டது. அவரும் கிழக்கத்திக்காரர். வெளியே வந்தார். நாலே நாளில், ஆகஸ்டு 1-ந் தேதி, புதுக் கிளப் பிறந்துவிட்டது. சௌரங்கித் தெருவில் இருந்த வெள்ளைக்காரர் கடையான ஒயிட்டவே லெய்ட்லாவில் சிவப்பும் பொன்மஞ்சளுமாக ஒரு சட்டை கண்ணில் பட்டதாம். அதுவே கொடியின் நிறமுமாயிற்று.

பத்மா நதிக்கு அப்பாலிருந்து படிப்புக்கும் பிழைப்புக்கும் கல்கத்தாவுக்கு வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் ‘பாங்கால்’ என்பார்கள். பட்டிக்காட்டான், பேச்சு சுத்தமில்லாதவன் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும். பதிலுக்கு இவர்கள் மேற்கத்திக்காரர்களுக்கு ‘கோட்டி’ என்று பெயர் வைத்தார்கள். வங்காளியில் அது செம்பைக் குறிக்கும். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கால்பந்து விஷயத்தில் நம் அர்த்தம் இரு கட்சிக்கும் நன்றாகவே பொருந்தும்.

கோட்டிகளின் கிளப் மோகன்பகான். 1889-இல் தோன்றியது. 1911 ஜூலை 29-ந் தேதி, பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைத் தூக்கிய கிளப் அது. தேசமே தலை நிமிர்ந்த நாள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. வெள்ளைக்காரனை வென்ற அந்தப் பதினொரு பேரில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் கிழக்கு வங்காளந்தான். அப்போது அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. எதிரே வெள்ளைக்காரன் நிற்கும்போது நாமெல்லாம் ஒன்று. அவன் சற்று நகர்ந்தால் கிழக்கு வேறு, மேற்கு வேறு. வங்காளிக்கு மட்டும் உள்ள குணமா இது?

1925 மே 28-ந் தேதி லீக் பந்தயத்தில் இரு கிளப்புகளும் முதன்முதலாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அதன்பின் வந்த இருபது வருஷமும் இது பங்காளிச் சண்டை போலத்தான் இருந்தது. கிழக்கத்திக்காரன் ஆட்டம் பார்த்துவிட்டுப் பூஜை விடுமுறைக்கு ஸ்டீமர் ஏறி ஊருக்குப் போவான். அங்கே வீடு இருந்தது, குளம் இருந்தது, பாட்டி இருந்தாள். கிளப் அவனுக்கு ஒரு பெருமை, அவ்வளவுதான்.

1947 ஆகஸ்டில் தேசத்தைப் பிரித்தார்கள். போக ஓர் ஊர் இல்லாமற் போயிற்று. லட்சக்கணக்கான ஜனங்கள் கையில் கிடைத்த மூட்டையோடு எல்லை தாண்டி வந்தார்கள். சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்தினார்கள். பிறகு நகரத்தின் தெற்கே ஜாதவ்பூர், டாலிகஞ்ச் பக்கங்களில் காலி நிலம் கண்ட இடத்தில் மூங்கிலும் கீற்றும் நட்டுக் காலனிகளாக உட்கார்ந்தார்கள். யுத்த காலத்து ராணுவ முகாம் ஒன்று கிடந்த இடத்தில் எழுந்தது விஜயகட். நேதாஜி நகர், ஆசாத்கட் எல்லாம் அப்படி முளைத்தவையே. பட்டா கிடையாது. போலீஸ் வந்து பிரித்தால் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடியும் கட்டுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் ஈஸ்ட் பெங்கால் தன் சரித்திரத்திலேயே சிறந்த ஆட்டத்தை ஆடியது. 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயம். 1949-இல் லீக், கேடயம், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒருங்கே கைக்கு வந்தன. காலையில் ரேஷன் வரிசையில் நின்று, பகலில் ஆபீசில் தன் கொச்சைப் பேச்சுக்காகச் சிரிக்கப்பட்ட குமாஸ்தா, சாயங்காலம் மைதானத்துக்குப் போனான். அங்கே அவன் ஜாதி ஜெயித்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஆபீசில் சிரிப்பு சற்றுக் குறைந்திருக்கும்.

அந்த வெற்றிகளைத் தேடித் தந்தவர்கள் யார் தெரியுமா? நம் தென்னாட்டுப் பிள்ளைகள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்ற ஐந்து முன்னணி ஆட்டக்காரர்கள். ஜனங்கள் அவர்களைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்றே அழைத்தார்கள். காரியதரிசி ஜோதிஷ் சந்திர குஹா தெற்கே வலை வீசிப் பிடித்து வந்த ரத்தினங்கள். பெங்களூர் அகமது கான் 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடியவர். ஐவரில் ஒருவர்கூட வங்காளி இல்லை. பத்மா நதியில் கால் நனைத்தவர் இல்லை. சட்டப்படி அப்போது எல்லாரும் பணம் வாங்காத ஆட்டக்காரர்களே. ஆனால் கிளப்புகள் அவர்களுக்கு உத்தியோகம், ஜாகை என்று வகை செய்யும் வழக்கம் ஊரறிந்த ரகசியம்.

‘வேற்றூர்க்காரன் ஆடினால் அது எப்படிச் சொந்த ஊர்க் கோஷ்டி ஆகும்?’ என்று வாசகர்கள் கேட்கலாம். தேருக்கு மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று யாராவது கேட்கிறோமா? நம் வீதியில் ஓடினால் நம் தேர். மேலும், பாஷை தெரியாத பட்டணத்தில் பிழைக்க வந்த அந்த ஐவரும் அகதிகளைப் போலவே அந்நியர்கள். அந்நியர்களுக்காக அந்நியர்கள் ஆடினார்கள். அந்த உறவு கெட்டியாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

நான் 2003-ஆம் வருஷம் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஜாதவ்பூர்ப் பக்கம் மாடி அறை ஒன்றில் ஜாகை. வீட்டுக்காரருக்கு அறுபத்துநாலு வயது. பாரிசால் ஜில்லாவில் பிறந்தவர். 1950 கலவரத்தின்போது பதினொரு வயதுப் பையனாகத் தாயாரோடு வந்தவர். நான் அவரைக் ‘காகாபாபு’ என்பேன். சித்தப்பா என்கிற முறை.

அப்போது டாக்காவுக்கு பஸ் விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. “ஒரு தடவை ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, காகாபாபு?” என்று கேட்டேன்.

“போய் யாரைப் பார்க்கிறது, பாபா? எங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். அவர்கள் சமையலை மோந்து பார்த்துவிட்டு வரவா? என் ஊர்தான் மைதானத்துக்கே வந்துவிட்டதே. பஸ் ஏறினால் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம்” என்றார்.

அந்த வருஷம் ஜூலை 26-ந் தேதி ஜாகர்த்தாவில் தாய்லாந்துக் கிளப் ஒன்றை 3-1 என்று வென்று ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பையை எடுத்தது. சேதி வந்ததும் எங்கள் தெருவில் பட்டாசு காதைப் பிளந்தது. காகாபாபு கத்தவில்லை, குதிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன். நம் பக்கத்தில் உல்லம் என்பார்கள். மோகன்பகான் ஜெயித்தால் இறால். இது அந்நகரத்துச் சாஸ்திரம். ஜெயித்த மறுநாள் மீன்காரன் சொன்னதுதான் விலை. அதைத் தெரிந்துகொண்டே போய்ப் பேரம் பேசாமல் வாங்கி வந்தார். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அந்த மீனில் முள் அதிகம். நான் திணறுவதைப் பார்த்து, “மெதுவாக, பாபா. எங்கள் நதி மீன்” என்றார். ‘எங்கள் நதி’ என்று அவர் சொன்ன நதியை அவர் பார்த்து அப்போது ஐம்பத்துமூன்று வருஷம் ஆகியிருந்தது.

இந்த அபிமானத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1975 செப்டம்பர் 30-ந் தேதி கேடய இறுதிப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன்பகானை 5-0 என்று தோற்கடித்தது. கொமில்லாவில் பிறந்த இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மன் அப்போது பம்பாயில் பிரக்ஞையின்றிக் கிடந்தார் என்றும், மகன் ராகுல் காதருகே குனிந்து இந்தச் சேதியைச் சொன்னதும் ஒரு கணம் கண் திறந்தார் என்றும் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே தோல்வியைத் தாங்க மாட்டாமல் மோகன்பகான் அபிமானி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் இரு கிளப்புகளும் ஆடியபோது காலரியில் கலகம் மூண்டு, நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். வீட்டில் சொல்லிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனவர்கள். வருஷந்தோறும் அந்தத் தேதியில் கல்கத்தாவில் அவர்கள் நினைவாக ரத்த தானம் செய்கிறார்கள். ஊரை இழந்தவனுக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று என்றால், அதன் மேல் அவன் வைக்கும் பாரம் சாமான்யமானதல்ல. ஒரு விளையாட்டு அத்தனை பாரத்தையும் எப்போதும் தாங்கிவிடாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1955-இல் பாகிஸ்தான் சர்க்கார் கிழக்கு வங்காளம் என்ற மாகாணத்தின் பெயரைக் கிழக்குப் பாகிஸ்தான் என்று மாற்றியது. 1971-இல் அது பங்களாதேஷ் ஆயிற்று. ஆகவே கிழக்கு வங்காளம் என்ற பெயரில் இன்று மாகாணமும் இல்லை, தேசமும் இல்லை. கல்கத்தா மைதானத்தில் பதினொரு பேர் மாட்டிக்கொண்டு ஓடும் சட்டையில்தான் அது உயிரோடிருக்கிறது. 1991-இல் டாக்காவிலிருந்து மோனெம் முன்னா என்ற ஆட்டக்காரர் வந்து அதே சட்டையைப் போட்டு ஆடினார். அவர் முஸ்லிம், பங்களாதேஷ் பிரஜை. காலரியில் இருந்தவர்களோ அந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்களும் அவர்கள் மக்களும். அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள்.

பேரன்மார் காலம் வந்துவிட்டது. 1996-இல் தேசிய லீக் பிறந்த பிறகு ஆட்டம் தொழிலாகிவிட்டது. கம்பெனிகள் வந்தன, ஒப்பந்தங்கள் வந்தன, வழக்கு வியாஜ்யங்களும் கூடவே வந்தன. 2012-க்குப் பிறகு அகில இந்தியக் கோப்பை ஒன்றைப் பார்க்கக் கிளப் 2024 ஜனவரி வரை காத்திருந்தது. தாத்தாவின் ஊரைப் படத்தில்கூடச் சரியாகக் காட்டத் தெரியாத பேரன் இந்தப் பன்னிரண்டு வருஷமும் கிளப்பை விட்டு ஓடிவிடவில்லை. ஏன்?

பதில் 2020 ஜனவரியில் கிடைத்தது. பிரஜா உரிமைக்குக் காகிதம் காட்டவேண்டி வருமோ என்று தேசமெங்கும் பேச்சாக இருந்த சமயம். மோகன்பகானுடன் பந்தயம். ஈஸ்ட் பெங்கால் காலரியில் பிரம்மாண்டமான துணி ஒன்று விரிந்தது. இந்த மண்ணை நாங்கள் ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்தல்ல என்பது அதில் எழுதியிருந்ததன் சாரம். அதைப் பிடித்திருந்த பையன்களில் ஒருவனும் எல்லை தாண்டி வந்தவனல்ல. ஆனால் பட்டா இல்லாத காலனியில் பாட்டி பட்ட பயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. சொத்து எழுதி வைக்க இல்லாத குடும்பங்களில் ஞாபகத்தைத்தான் எழுதி வைக்கிறார்கள். கிளப் அந்த உயிலைப் பாதுகாத்து வைத்திருந்த பெட்டி.

2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர். ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். ஊர் கொந்தளித்தது. 18-ந் தேதி நடக்கவிருந்த டியூரண்ட் கோப்பைப் பந்தயத்தை, பந்தோபஸ்துக்குப் போலீஸ் போதாது என்று ரத்து செய்தார்கள். பந்தயம் இல்லாவிட்டாலும் அபிமானிகள் சால்ட் லேக் மைதானத்து வாசலுக்கு வந்தார்கள். சிவப்பு-பொன்மஞ்சளும், மோகன்பகானின் பச்சை-மெரூனும், மூன்றாவது கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு-வெள்ளையும் கலந்து நின்று நியாயம் கேட்டன. மோகன்பகான் காப்டன் சுபாசீஷ் போஸும் வந்து சேர்ந்துகொண்டார். போலீஸ் தடியடி நடத்திற்று. ஈஸ்ட் பெங்கால் சட்டைக்காரன் ஒருவன் மோகன்பகான் சட்டைக்காரனைத் தோளில் தூக்கி நின்ற படம் பத்திரிகைகளில் வந்தது.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் நூறு வருஷத்துக் கணக்கு ஒன்று நேராகிவிட்டதாகத் தோன்றியது. கிழக்கத்திக்காரன் என்று ஒருவரை ஒதுக்கியதால் பிறந்த கிளப் அது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஓர் ஊரைத் துணியிலும் நிறத்திலும் கட்டிக்கொண்டார்கள். எந்த நகரத்தில் அந்நியர்களாக வந்து இறங்கினார்களோ, அந்த நகரத்தின் பெண் ஒருத்திக்காக அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அடிபட்டார்கள். வேற்றூர்க்காரன் அப்படி வந்து நிற்கமாட்டான்.