சிரமதானம்: பேர் போடாத வேலை

இலங்கைத் தமிழில் பாடசாலை, கோயில், சனசமூக நிலையம் ஆகிய மூன்றையும் சுற்றி வழங்கும் ‘சிரமதானம்’ என்னும் சொல், உழைப்பைக் குறிக்கும் ‘சிரம’ என்பதும் கொடையைக் குறிக்கும் ‘தான’ என்பதும் சேர்ந்த வடமொழித் தொடராகும். அன்னதானம், கோதானம், பூமிதானம் என்னும் பழைய தொடர்களில் முன்நிற்கும் சொல் கொடுக்கப்படும் பொருளைச் சுட்டுவதுபோல இங்கும் உழைப்பே கொடைப்பொருளாகிறது. ஆயினும் தமிழில் சிரமம் என்பது உழைப்பு என்ற பொருளை ஏறக்குறைய இழந்து தொல்லை, இடர்ப்பாடு என்ற அளவில் நின்றுவிட்டமையால், சிங்களத்தில் இயல்பாக ஒலிக்கும் இத்தொடர் தமிழ்ச் செவிக்குச் சற்றே விந்தையான பொருளையும் தருகிறது.

சம்பளம் பெறாத உழைப்புக்குத் தமிழில் முன்பு பெயர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை பெரும்பாலும் கட்டாயத்தின் பெயர்களாகவே இருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’, ‘அமஞ்சி’ என்பன ஊரார் கூலியின்றிச் செய்ய வேண்டிய கடமை வேலைகளைக் குறித்தன. அவற்றுள் முன்னதை வடமொழியின் விஷ்டியோடு தொடர்புபடுத்துவர். இன்றைய ‘வெட்டி வேலை’ என்னும் இகழ்ச்சி வழக்கில் அதன் நிழல் எஞ்சியிருக்கிறது. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தின் ‘ஊழியம்’, கண்டி அரசின் ‘இராசகாரியம்’ ஆகியனவும் இவ்வகையினவே. பிரித்தானிய அரசு அமைத்த கோல்புறூக் குழுவின் பரிந்துரையால் 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும், 1848இன் வீதிச் சட்டம் வளர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்று விதித்தது.

இந்த வரிசையிலிருந்து சிரமதானம் விலகி நிற்பதற்குக் காரணம், அது கொடையின் இலக்கணத்துக்குள் உழைப்பைக் கொண்டுவந்தமையே. 1951இல் போச்சம்பள்ளியில் தொடங்கிய வினோபா பாவேயின் பூமிதான இயக்கம், நிலமில்லாதவரும் கொடையாளராகலாம் என்ற எண்ணத்தில் சம்பத்திதானம், சிரமதானம் என்று தன் சொல்லை நீட்டிக்கொண்டது. செல்வத்தைக் கொடுப்பவரும் உழைப்பைக் கொடுப்பவரும் ஒரே சொல்லின் கிளைகளில் அமர்ந்தது அப்போதுதான். இலங்கையில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரோடு 1958இல் கனத்தொலுவ கிராமத்தில் நடத்திய முகாமிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்து, இச்சொல்லை நாடெங்கும் பரப்பிற்று. அதே 1958இல் தமிழ்நாட்டில் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊராரிடமிருந்து பொருளும் பணமும் திரட்டின என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது. அங்கே நிலைத்த சொல் நன்கொடை, இங்கே நிலைத்த சொல் சிரமதானம்.

பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி‑எல, ஹப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இச்சொல் இறங்கியபோது அங்கே உழைப்பை அளப்பதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. தோட்டத் தமிழில் ஒரு நாள் வேலையும் அதற்குரிய சம்பளமும் ‘பேர்’ எனப்படும். செக்ரோல் எனப்படும் வருகைப் பேரேட்டில் தொழிலாளியின் பெயருக்கு எதிரே குறிக்கப்படுவதால் வந்த வழக்கு இது. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ போடப்படும். வேலை நாளல்லாத நாளில் பறித்து உடன் பணமாகப் பெறுவது ‘கைக்காசு’. 2021 மார்ச்சில் வர்த்தமானி வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது ஒரு முழுப் பேரின் விலை அதுவாயிற்று. அந்தக் கணக்கில், ஒரு பாடசாலை மைதானத்துக்காக ஐம்பது பெற்றோர் ஒரு நாள் மண் வெட்டிச் சமப்படுத்தினால் அவர்கள் கொடுத்தது 50,000 ரூபாய். அது கைக்காசு கிடைத்திருக்கக்கூடிய ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், அக்கொடை வெறும் ஓய்வு நேரமன்று, கையிலிருந்து போன பணமேயாகும். இந்தக் கணக்கை எந்தப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தன் வரவு செலவு அறிக்கையில் சேர்க்கலாம்; ஆனால் சேர்ப்பது வழக்கமாகவில்லை.

தோட்டப் பாடசாலைகளின் வரலாறு இவ்வுழைப்பை இன்றியமையாததாக்கிற்று. 1907இன் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கான பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் மீது சுமத்தியும் பல தோட்டங்களில் அது ஓரறைக் கட்டடத்தோடு நின்றது; 1970களில் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே அவை தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. மலைச்சரிவில் ஒரு வகுப்பறை கட்ட வேண்டுமெனில் முதலில் சரிவை வெட்டி மட்டமாக்க வேண்டும். அதற்கு மண்வெட்டி பிடித்த கைகள் வேண்டும். அக்கைகள் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இருந்தன.

நன்றி கூறும் முறை பணக் கொடையையும் உழைப்புக் கொடையையும் ஒன்றாக நடத்துவதில்லை. கொடையாளரின் பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் தமிழரிடம் மிகப் பழையது; தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் பொறிக்குமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டான். அக்கோயிலில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேரின் பெயர்களும் உள்ளன; ஆனால் அவர்கள் பங்கு என்னும் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தவர்களாகவே குறிக்கப்படுகின்றனர், கொடுத்தவர்களாக அன்று. இன்றைய பாடசாலைச் சுவர்க்கடிகாரத்திலும் தண்ணீர்த் தாங்கியிலும் காணப்படும் ‘உபயம்’, ‘அன்பளிப்பு’ என்னும் எழுத்துகள் அந்த மரபின் தொடர்ச்சியே. சமப்படுத்தப்பட்ட நிலத்தில் பெயர் எழுத இடமில்லை என்பது ஓரளவு உண்மைதான். ஆயினும் நன்றியுரையிலும் விழா மலரிலும் இடமுண்டு. அங்கும் பணம் தந்தவர் தனித்தனிப் பெயரோடு வர, உழைத்தவர் ‘சிரமதானத்தில் ஈடுபட்ட பெற்றோர்’ என்ற ஒரே பன்மையில் அடங்குகின்றனர்.

அண்மைக் காலத்தில் சொல்லும் சுருங்கிவிட்டது. டெங்கு ஒழிப்புக்காகப் புல் வெட்டிக் குப்பை அகற்றும் காலை வேலையே இன்று பெரும்பாலும் சிரமதானம் எனப்படுகிறது; செய்தித்தாள்கள் ‘சிரமதானப் பணி’ என்று உழைப்பின் மேல் மற்றோர் உழைப்பையும் ஏற்றி எழுதுகின்றன. அச்செய்தி வாக்கியத்தின் அமைப்பு மேலும் கவனிக்கத்தக்கது: கொடையாளர் பற்றிய செய்தி ‘இன்னார் வழங்கினார்’ என எழுவாயோடு செய்வினையில் முடிய, உழைப்பைப் பற்றியது ‘சிரமதானப் பணி முன்னெடுக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில், முன்னெடுத்தவர் எவரும் இல்லாமலே முடிகிறது.