தராசு கற்றுத் தந்த பாடம்

காய்ச்சல்மானியில் பாதரசம் இடைவெளியின்றி ஏறுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கணிப்பொறிக்கோ எண் மட்டுமே தெரியும். தொடர்ந்து மாறும் அளவை எண்ணாக்குவது எப்படி?

விடை தராசில் இருக்கிறது. 1, 2, 4, 8, 16, 32 என்னும் ஆறே எடைக்கற்களால் 63 வரை எந்த எடையையும் நிறுக்கலாம். இத்தாலியக் கணித அறிஞர் டார்ட்டாலியா 1556ஆம் ஆண்டிலேயே இந்த வரிசையைக் கூறினார். பெரிய கல்லை முதலில் வைக்கிறோம். கல் கனத்தால் எடுத்துவிடுகிறோம். இல்லையேல் விட்டுவைத்து அடுத்ததைச் சேர்க்கிறோம்.

1954இல் அமெரிக்கப் பொறியாளர் பெர்னார்டு கோர்டன் இதையே மின்னழுத்தத்தைக் கொண்டு செய்தார். வெற்றிடக் குழாய்களால் ஆன அவருடைய 'டேட்ராக்' பொறி சுமார் 150 பவுண்டு எடையுள்ளது; நொடிக்கு 50,000 அளவுகளை எண்ணாக்கியது. இன்று அதே முறையை விரல்நுனி அளவுள்ள மைக்ரோகன்ட்ரோலர் சில்லு பின்பற்றுகிறது.

ஆனால் தராசின் நியதி மாறவில்லை. எல்.எம்.35 என்னும் வெப்ப உணரி ஒரு செல்சியஸ் பாகைக்கு 10 மில்லிவோல்ட் தரும். 25 பாகையில் 250. சில்லு 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்தால், அது 51ஆம் படி. கணக்குச் சரி. ஒப்பீட்டு மின்னழுத்தம் நாம் அறியாமல் 4.5 வோல்ட்டாகக் குறைந்தால், அதே வெப்பம் 56ஆம் படியாகிவிடும். நம் கணக்கு 27 பாகைக்கு மேல் காட்டும்.

உணரியில் குற்றமில்லை, எடைக்கல்தான் தேய்ந்துவிட்டது. ஆகவே, உணரியைச் சந்தேகிக்குமுன் கல்லைச் சோதியுங்கள்.